கொம்பில் இருந்த நம்பர்

ஸ்டாக்மேன் வேலை என்பது மாட்டு டாக்டருக்குக் கீழே, மாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ராஜமாணிக்கமே இதைச் சொல்லிச் சிரிப்பான். லால்குடியிலிருந்து கிளம்பி, கப்பலில் நாலு நாள் வாந்தியெடுத்து, அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில் ஒரு தகரப்பெட்டியோடு இறங்கியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. வேலை டெம்ப்ரவரி. மூன்று வருஷம் பெயர் கெடாமல் ஓட்டினால் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் அம்மாவும், டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்திருந்த தங்கை சுசீலாவும் அவனுடைய மணியார்டரை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்த வருஷங்களில் காட்டை வெட்டி வயலாக்க வந்த குடும்பங்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்தது, உழுவதற்கு ஒரு ஜோடி எருமைக் கடா கொடுத்தது, அதற்குமேல் தவணை தவணையாக மானியமும் கொடுத்தது. முதல் தவணை வந்து இறங்கியவுடன். இரண்டாம் தவணை, கொடுத்த கடா இரண்டும் கைமாறாமல் அதே வீட்டில் நிற்கிறது என்று அதிகாரி கண்ணால் பார்த்த பிறகு. கடாவை மரக் கான்ட்ராக்டரிடம் விற்றுவிட்டு, "ஜங்கிளுக்குள் ஓடிவிட்டது சாப்" என்று கையை விரித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு கடாவின் கொம்பிலும் இரும்பைக் காய்ச்சி நம்பர் சுட்டிருந்தார்கள். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் மானியம் நிற்கும். கடா விற்ற குற்றம் என்று முடிவானால் பட்டாவும் போய், அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை எல்லாக் குடியிருப்புகளுக்கும் போய் அந்த நம்பர்களைச் சரிபார்த்து ரிஜிஸ்தரில் எழுதுவது ராஜமாணிக்கத்தின் வேலை. எழுதினான். போனானா என்றால், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான். வயிறு உப்பிய கடாவுக்கு மழையில் நனைந்துகொண்டே மருந்து புகட்டினான், மூக்கில் ஏறிய அட்டையைப் பிடுங்கினான். ஆனால் நல்லா இருக்கிற மாட்டின் கொம்பைப் பார்ப்பதற்கென்று, ஒரே ஒரு டிங்கிப் படகை வைத்துக்கொண்டு, ஏழு மாத மழையில், உப்பங்கழி உப்பங்கழியாகத் தாண்டிப் போக அவனுக்கு மனசு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "சரிபார்க்கப்பட்டது" என்று நாற்பது வரியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அவனுக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்தார் என்பதை இங்கே சொல்லாவிட்டால் அநியாயம்.

நாற்பது வரியில் ஒரு வரி குழந்தைவேலு. கடா நம்பர் 117, 118. வங்காளிக் குடும்பங்களுக்கு நடுவில் அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரே தமிழ் வீடு. ஆத்தூர்ப் பக்கம் பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர் குழந்தைவேலு. சொந்த ஏர் என்று ஒன்றைக் கையால் தொட்டது இந்தத் தீவுக்கு வந்துதான். பெண்சாதி செல்லம் அவரைவிடத் துடியானவள். வந்த புதிதில், "எருமையப் பூட்டி உழுவாங்களா எங்கயாச்சும்?" என்று மூக்கைச் சுளித்தவள், பத்தே நாளில் அதுகளுக்குக் கருப்பன், பொன்னன் என்று பெயர் வைத்துவிட்டாள். கரிக்கட்டை நிறத்தில் நின்ற கடாவுக்குப் பொன்னன் என்று எப்படிப் பெயர் வரும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது.

ஐம்பத்தேழாம் வருஷப் பொங்கலுக்கு ராஜமாணிக்கத்தை அவர்கள்தான் கூப்பிட்டார்கள். கழிச்சல் மருந்து வாங்க வந்த குழந்தைவேலு, "பண்டிகையன்னிக்கு ஒத்தையில கிடக்காதீங்க சார், வந்துருங்க" என்றார். அவன் மாட்டுப் பொங்கலன்று வேலைப்பெட்டியோடு டிங்கியில் போய் இறங்கினான். பெட்டி எதற்கென்றால், அதிகாரி யாராவது எதிர்ப்பட்டால் மாடு பார்க்கப் போவதாகச் சொல்லலாம்.

மானும் கிளியும் தின்றது போக மிஞ்சிய முதல் வெள்ளாமை அரிசியில் பொங்கல் வைத்திருந்தாள் செல்லம். கடா இரண்டையும் உப்பங்கழியில் தேய்த்துக் குளிப்பாட்டிக் கட்டியிருந்தது. குழந்தைவேலு மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் உடைந்த பாட்டில் துண்டால் கொம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதைக் கீழ போடுங்க. கையை அறுத்துக்கப் போறீங்க."

"பின்ன எதுல தம்பி சீவுறது? ஊர்ல எங்கய்யா அருவாள்ல சீவுவாரு. இங்க இருக்கிற ஒரு அருவாளும் மரத்த வெட்டி வெட்டி மொக்கையாப் போச்சு."

ராஜமாணிக்கம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். லால்குடியில் அவர்கள் வீட்டுக் காளைகளுக்குக் கொம்பு சீவுவது அவன் வேலை. தெருவில் நாலு வீட்டுக் காளைகளை அவனிடம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். பெட்டியைத் திறந்து குளம்பு தேய்க்கிற அரத்தை எடுத்தான். ஒரு முழ நீள அரம், சர்க்கார் முத்திரை போட்டது. "இப்பப் பாருங்க" என்றான்.

நிஜமாகவே பார்க்கும்படிதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு கொம்பும் கருங்கல் சிலை மாதிரி வழவழத்தன. வெள்ளைத் தூள் அவன் மார்பெல்லாம் படிந்தது. கொம்பின் நடுவில் கருப்பாக ஏதோ நெளிநெளியாக இருந்தது, சேறு பிடித்துக் காய்ந்திருக்கும் என்று அதையும் அழுத்தித் தேய்த்து எடுத்தான். ஊரில் பெரிய தேவர் வீட்டுக் காளைக்குச் சீவியபோதுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. கடைக்கார மீரான் பாய் கொடுத்திருந்த படகுப் பெயிண்ட்டை, ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒரு கொம்புக்கு நீலம் என்று பூசினார்கள். குழந்தைவேலு கடாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வங்காளிப் பெண்கள் வேலியோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜமாணிக்கம் மூன்று தடவை சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான். தீவுக்கு வந்தபிறகு அவன் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வான்.

மார்ச் மாதம் போர்ட் பிளேரிலிருந்து கடிதம் வந்தது. மாட்டு டாக்டர் சென்குப்தா சாப் அடுத்த கப்பலில் வருகிறார். கொம்பு நம்பர்களை ரிஜிஸ்தரோடு நேரில் ஒத்துப்பார்த்து, அங்கேயே இரண்டாம் தவணைக்கு உத்தரவு போடுவார். ராஜமாணிக்கம் ரிஜிஸ்தரைத் தூசி தட்டி எடுத்து ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டிக்கொண்டு வந்தான். குழந்தைவேலு, 117, 118. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

சேறு என்று நினைத்துத் தேய்த்தது சேறில்லை.

அவனால் உட்கார முடியவில்லை. நேரே பஜாருக்கு இறங்கி மீரான் பாய் கடைக்குப் போனான். பாய் கீழக்கரைக்காரர், அரிசி முதல் ஆணி வரைக்கும் விற்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு, கல்லாப்பெட்டியை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"தம்பி, வாயத் தொறந்துராதீங்க. நீங்க டெம்ப்ரவரி. சர்க்கார் நம்பர சர்க்கார் அரத்தாலயே அழிச்சேன்னு சொன்னா, ஒரே கையெழுத்துல ஊருக்கு அனுப்பிருவாங்க."

"அவங்கள அனுப்பிடுவாங்களே பாய்."

"அனுப்புவாங்களோ, கண்டிச்சு விட்டுருவாங்களோ, யாரு கண்டா. நீங்க சொன்னா உங்க வேலை போறது நிச்சயம். நிச்சயமாப் போறதையும் போகலாம்ங்கிறதையும் ஒண்ணா வைக்காதீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெயிண்ட் நான் கொடுத்ததுன்னும் எங்கயும் சொல்லிராதீங்க" என்றார்.

மறுநாள் காலையில் ராஜமாணிக்கம் டிங்கியில் குடியிருப்புக்குப் போனான். குழந்தைவேலு வயலில் வேர்க்கட்டை ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஆள் இடுப்பு அளவு வேர். ஒரு கட்டையைப் பிடுங்க இரண்டு நாள் ஆகும், அப்படி அந்த நிலத்தில் முன்னூறு கட்டை பிடுங்கியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடப்பாரையை நட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். செல்லமும் வந்து நின்றாள்.

"எனக்கும் தோணல பாருங்க சார்" என்றார் கடைசியில். "கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னது நானு. ரெண்டு வருசமாத் தெனமும் பாக்குற கொம்பு. எனக்குல்ல தோணியிருக்கணும்."

அவர் தன்மேல் குற்றத்தை இழுத்துப் போட்டுக்கொண்டது ராஜமாணிக்கத்துக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சுமை இறங்கியதையும் சொல்ல வேண்டும். இறங்கியது.

"நான் சொல்லிக்கிறேன்" என்றார் குழந்தைவேலு. "பண்டிகைக்குக் கண்ணாடியில நானே சீவினேன், தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிருறேன். உங்க பேரு எங்கயும் வராது. எங்க வீட்டுல வந்து சாப்பிட்டவரு நீங்க."

"அது சரி" என்றாள் செல்லம். "நம்பரு இல்லாத கடாவ அவங்க குடுத்ததுதான்னு எப்பிடி நம்புவாங்க? வித்துப்புட்டு வேற வாங்கிக் கட்டியிருக்கான்னு சொல்ல மாட்டாங்க?" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க புஸ்தகத்துல வேற அடையாளம் எதுனா எழுதியிருப்பீங்கல்ல? பொன்னனுக்கு வாலு நுனியில வெள்ளை மசுரு இருக்கு. கருப்பனுக்கு எடது காது கிழிஞ்சிருக்கு."

ரிஜிஸ்தரில் அடையாளக் குறிகள் என்று ஒரு பத்தி இருக்கத்தான் செய்தது. அதில் நாற்பது ஜோடிக்கும் அவன் எழுதியிருந்தது ஒரே வார்த்தை. நிறம்: கருப்பு. உலகத்தில் எந்த எருமைக்கும் பொருந்துகிற அடையாளம். இப்போது திருத்தலாம் என்றால் அதன் நகல் மாதாமாதம் போர்ட் பிளேருக்குப் போய்விட்டது. அவன் டிங்கியைப் பார்த்து நடந்தான். பின்னால் கடப்பாரை விழும் சத்தம் மறுபடி கேட்டது.

சென்குப்தா சாப் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கையில் குடை, வெற்றிலைக் கறை படிந்த பல். காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. படாக் மரத்தடியில் கடாக்களை வரிசையாக நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கொம்பையும் கையால் தடவி நம்பரை உரக்கப் படித்தார். வங்காளிக் குடும்பங்களோடு அவர் வங்காள மொழியிலேயே பேசிக்கொண்டார், அங்கே ராஜமாணிக்கத்துக்கு வேலையில்லை. ரிஜிஸ்தரைப் பிடித்துக்கொண்டு நிழல் மாதிரிப் பின்னால் போனான். ஒரு மணி நேரத்தில் பதினாறு வீடு முடிந்தது. பதினேழாவது குழந்தைவேலு.

வெளுத்த வேட்டி கட்டி, தலைமுண்டாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செல்லம் நாலடி தள்ளி நின்றாள். ராஜமாணிக்கம் அருகில் போனதும் குழந்தைவேலு கும்பிட்டு, "வணக்கம் ஸ்டாக்மேன் சார்" என்றார். முன்பின் பார்க்காத ஆளிடம் பேசுகிற குரல். செல்லம் அவன் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் அப்படி நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

சாப் இந்தியில் கேட்டார். குழந்தைவேலுவுக்கு இந்தி கடைத்தெரு அளவுக்குத்தான். "நீ சொல்" என்று ராஜமாணிக்கத்தைக் காட்டினார் சாப். ஆக, குழந்தைவேலு அவனுக்காகச் சொல்லப்போகும் பொய்யை அவனே தன் வாயால் இந்தியில் சொல்ல வேண்டும்.

"நம்பர் எங்கே?"

"கொம்பு சீவினதுல போயிருச்சுங்க சார். தெரியாமப் பண்ணிட்டேன்."

சொன்னான்.

"யார் சீவியது?"

"நான்தாங்க."

அதையும் சொன்னான்.

"எதால்?"

"ஒடைஞ்ச கண்ணாடியால."

"சீஷா, சாப்" என்றான் ராஜமாணிக்கம்.

சாப் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொம்பின் அடியில் கட்டைவிரலால் பெயிண்ட்டைச் சுரண்டினார். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கோடுகள் அங்கே தெரிந்தன. சர்க்கார் அரத்தின் பல் ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுப் போயிருந்தது.

"கண்ணாடி இப்படிக் கோடு போடாது. இது குளம்பு அரம். குடியேறினவனுக்கு அரம் ஏது? கேள்."

கேட்டான். குழந்தைவேலு இதற்குத் தயாராக வரவில்லை. கடாவின் கழுத்தைத் தடவினார். பிறகு யாருக்கோ சொல்வதுபோல் தணிந்த குரலில் சொன்னார்.

"மருந்துக்கு வந்தப்ப ஆபீஸ்லேருந்து கேக்காம எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிருங்க சார். வேலை முடிஞ்சதும் கொண்டாந்து வச்சுட்டேன்னு சொல்லிருங்க."

திருட்டு. கடா விற்ற சந்தேகத்தோடு இப்போது சர்க்கார் சாமான் திருடிய குற்றமும். முன்னூறு கட்டையைப் பிடுங்கிய கை அந்தக் கடாவின் கழுத்தில் இருந்தது.

"என்ன சொல்கிறான்?" என்றார் சாப்.

ராஜமாணிக்கத்துக்கு மீரான் பாயின் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்தது. சுசீலாவின் டிரெயினிங் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அம்மாவின் முகமும் வந்தது. எல்லாம் வந்து போயின.

"ஜூட் போல்தா ஹை, சாப்" என்றான். பொய் சொல்கிறார்.

அந்த அளவு இந்தி குழந்தைவேலுவுக்குத் தெரியும். அவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை, புரியாத பார்வை. செல்லம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கைவிட்டுவிட்டான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். அந்த ஒரு நொடியை ராஜமாணிக்கம் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

"அரம் என்னுடையது சாப். அவர் எடுக்கவில்லை. நான்தான் கொண்டுபோனேன், நான்தான் சீவினேன். நாலு கொம்பையும். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்."

சாப் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏன்?"

"பொங்கல், சாப்."

"அப்படியென்றால்?"

"ஜனவரியில், மாட்டுக்கு நன்றி சொல்கிற நாள்."

"அரத்தாலா நன்றி?" என்றார் சாப். வங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். சாப் சிரிக்கவில்லை. ரிஜிஸ்தரை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். "ஜனவரியில் சீவினாய். பிப்ரவரியில் நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு, சரிபார்க்கப்பட்டது என்று உன் கையெழுத்து இருக்கிறதே. எந்தக் கொம்பில் பார்த்தாய்?"

"பார்க்கலை சாப்."

"ஜனவரிக்கு முன்னால்?"

"அப்பவும் பார்க்கலை. பார்த்திருந்தால் அழிச்சிருக்க மாட்டேன்."

கேட்காததையும் சொல்லிவிட்டான். ஒன்றைத் திறந்தபிறகு மற்றதை மூடி வைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. சாப் ரிஜிஸ்தரை மூடினார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"எல்லாவற்றையும் எழுது. எழுதிக் கையெழுத்துப் போடு. இது என் கைக்கு வந்தால் ஃபைலில் போகும். ஃபைலில் போனதைத் திருப்பி எடுக்க முடியாது. தெரியுமா?"

"தெரியும் சாப்."

சாப்பின் பெட்டிமேலேயே தாளை வைத்து முழங்காலிட்டு எழுதினான். ஒரு பக்கம் ஆனது. கையெழுத்து கோணவில்லை. சாப் அதை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துக்கொண்டார்.

"இன்னொருத்தன் விற்ற கடாவுக்காக எவனும் தன் வேலையை எழுதிக் கொடுக்க மாட்டான்" என்று வங்காளிகள் பக்கம் திரும்பி, அவனுக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னார். "கடா அதே கடாதான். நெருப்பு மூட்டு."

நம்பர் இரும்புகள் அவரிடமே இருந்தன. காய்ந்த சுள்ளியில் காய்ச்சி, நாலு கொம்பிலும் ராஜமாணிக்கம்தான் சுட்டான். குழந்தைவேலு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார், பொங்கலன்று பிடித்த மாதிரியே. படகுப் பெயிண்ட்டும் கொம்பும் சேர்ந்து கருகிய நாற்றம் கண்ணைக் கரித்தது. பொன்னன் ஒரே ஒரு தடவை தலையை உதறியது. நம்பர் கன்னங்கரேலென்று நின்றது. இரண்டாம் தவணைத் தாளில் குழந்தைவேலு கட்டைவிரலை வைத்தார், மை காயும்வரை விரலைத் தூக்கியே வைத்திருந்தார்.

செல்லம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் சாப்புக்குக் கொடுத்தாள். அடுத்தது அவனிடம் நீட்டினாள்.

"குடிங்க தம்பி" என்றாள்.

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். டிசம்பரில் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. சென்குப்தா சாப் நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தாராம், அப்படித்தான் கிளார்க் சொன்னான். வேலை நிரந்தரமாவது மூன்று வருஷம் தள்ளிப்போனது, சம்பள உயர்வு நின்றது, ஜனவரிக் கப்பலில் கார் நிக்கோபாருக்கு மாற்றல். சுசீலாவுக்கு அனுப்புகிற பணத்தைக் குறைக்க முடியாது, ஆகவே அவன் ராச்சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன்ல தம்பி" என்றார் மீரான் பாய். சொல்லிவிட்டு, பழைய பேப்பரில் சுற்றி இரண்டு சின்ன டப்பாவை அவன் கையில் திணித்தார். சிவப்பும் நீலமும். "செல்லத்துக்கிட்ட குடுத்துருங்க. நான் குடுத்ததுன்னு இந்தத் தடவ சொல்லலாம்."

கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது மாட்டுப் பொங்கல் வந்தது. ராஜமாணிக்கம் வேலைப்பெட்டியை ஆபீஸிலேயே பூட்டி வைத்துவிட்டு டிங்கியில் போனான். மாற்றல் விஷயத்தை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை.

அவன் போனபோது கொம்பு சீவி முடிந்திருந்தது. பாட்டில் துண்டால்தான் சீவியிருந்தார்கள், மேடும் பள்ளமுமாக இருந்தது. நம்பர் இருந்த இடத்தை மட்டும் கண்ணாடி படாமல் விட்டிருந்தாள் செல்லம். அதைச் சுற்றி மஞ்சள் குழைத்துச் சதுரமாகக் கோடு இழுத்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்திருந்தாள். ஒரு கொம்பில் மூன்று பொட்டு. நாலு கொம்பிலும் சேர்த்துப் பன்னிரண்டு.

"என்ன அக்கா இது, சர்க்கார் நம்பருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?"

"எனக்கென்ன படிக்கவா தெரியும்" என்றாள் செல்லம், டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டே. "அதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி. நீங்க உங்க கையால சுட்டதுன்னு மட்டுந்தான் தெரியும்."

ராஜமாணிக்கம் பொன்னனின் நெற்றியைச் சொறிந்துகொடுத்தான். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டான். கார் நிக்கோபார், சனிக்கிழமைக் கப்பல்.

குழந்தைவேலு கயிற்றை விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றார். "எங்களாலதான?" என்றார்.

"அரத்தாலண்ணே" என்றான் அவன்.

செல்லம் நெம்புவதை நிறுத்தவில்லை. முகத்தையும் தூக்கவில்லை. "அங்க எருமை இருக்குதா தம்பி?"

"இல்லக்கா. அங்க எல்லாம் பன்னிதான்."

"பன்னிக்குக் கொம்பு கெடையாது" என்றாள் அவள். "நல்லதாப் போச்சு. உங்க வேலைக்கு ஆபத்தில்ல."

முதலில் குழந்தைவேலுதான் சிரித்தார். பிறகு ராஜமாணிக்கம். செல்லமும் சிரித்துக்கொண்டே, பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், கண்ணீர் நிற்கவில்லை. மூடி திறந்ததும் ராஜமாணிக்கம் டப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். சிவப்புப் பெயிண்ட்டில் விரலை முக்கி, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஒரு சொட்டும் போகாமல், கொம்பைப் பூச ஆரம்பித்தான்.